புகையானும் நாம் கணக்கில் எடுக்காத ஆண் பூச்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வேளாண் பக்கத்தில் சம்பா நெல்லின் தண்டில் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற சிறு பூச்சியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பூச்சியின் அடையாளம், தண்ணீரை வடிப்பது, யூரியாவைக் குறைப்பது எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. நடுவில் ஒரு வரிதான் உறுத்தியது. முட்டையிடுவது பெண் என்பதால் பெருக்கத்தைப் பொறுத்தவரை ஆணைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்ற பொருளில் அது இருந்தது. அடுத்த பத்தியிலேயே, பூச்சி கண்ணில் பட்டதும் மருந்து அடித்துவிடுங்கள் என்று அறிவுரை. என்ன மருந்து, எதை அடிக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் முடிச்சைத் தெரிந்துகொள்ள நான் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர், நெல்லைப் பறிகொடுத்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சம்பாவில் பிபிடி 5204 என்ற நெல் ரகம் நட்டிருந்தேன். கார்த்திகைக் கடைசி, கதிர் வெளிவரும் நேரம். வயலின் நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில் அகலத்துக்குப் பயிர் மஞ்சளாகத் தெரிந்தது. இறங்கிப் போய்க் குத்தை விலக்கிப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைச் சுற்றிப் பழுப்பாக அப்பிக்கொண்டிருந்தன. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். தண்ணீரில் உதிர்ந்தவை மிதந்து, பக்கவாட்டில் நகர்ந்து, அடுத்த தூரைப் பிடித்து ஏறின. நேரே மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு புட்டிகளை எடுத்து வைத்து, கலந்து அடியுங்கள் என்றார். அடித்தேன். மறுநாள் தண்ணீர்மேல் செத்த பூச்சி மிதந்ததைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினேன். மூன்று வாரம் கழித்துக் கட்டில் அகலம் களத்துமேட்டு அகலமாகியிருந்தது. குத்துக்குக் குத்து வெள்ளையும் பழுப்புமாகக் குஞ்சுகள்.

விசாரித்தபோது எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். மருந்து, புகையானைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியையும் அதன் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிட்டது; எதிரி இல்லாத இடத்தில் பூச்சி பெருகிவிட்டது. பொய்யில்லை. ஆனால் பாதிக்கதை.

மீதிக்கதை ஆண் பூச்சியின் வயிற்றில் இருக்கிறது. புகையானில் ஆணும் பெண்ணும் வயிற்றை அதிரவைத்து, அந்த அதிர்வை நெல் தண்டின் வழியாக அனுப்பி ஒன்றையொன்று தேடிக்கொள்கின்றன. இணையும்போது ஆண் கொடுப்பது விந்தணு மட்டும் அன்று. அதன் இனப்பெருக்க உறுப்போடு சேர்ந்த துணைச் சுரப்பிகளில் ஊறும் புரதங்களும் கூடவே போகின்றன. பெண்ணின் உடலுக்குள் போய் அவை செய்யும் வேலை இரண்டு: இனி வேறு ஆணை அண்டவிடாதே என்பது ஒன்று, முட்டையைச் சீக்கிரம் இடு, நிறைய இடு என்பது மற்றொன்று. சீர்வரிசையோடு ஓர் உத்தரவும் சேர்ந்து வருவதுபோல.

பழத்தில் மொய்க்கும் சிறு ஈயில்தான் இது முதலில் தெளிவாகத் தெரிந்தது. 1988இல் சூரிச்சில், வெறும் 36 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதத்தை ஆண் ஈயிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இணையாத பெண்ணுக்கு அதை ஊசியால் செலுத்தியபோது, அது இணைந்த பெண்ணைப்போலவே நடந்துகொண்டது. ஆணை உதைத்துத் தள்ளியது, முட்டையிடத் தொடங்கியது. பிற்பாடு இன்னொன்றும் தெரியவந்தது. அந்தப் புரதம் விந்தணுவின் வாலில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருவதால், ஒருமுறை இணைந்ததன் விளைவு ஒரு வாரத்துக்கு நீள்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பெண்ணின் உடலில் எது என்பதை 2008இல் வியன்னாவில் கண்டுபிடித்தார்கள்.

ஈ நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் பருத்தி, துவரை போடும் அன்பர்களைக் கேட்கட்டும். காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோம் அல்லவா? அதில் வைப்பது பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்கும் வாசனையின் நகல். அந்த அழைப்பை ஒரு பெண் எப்போது நிறுத்துகிறது? இணைந்த பிறகு. நிறுத்தவைப்பது ஆண் தரும் ஒரு புரதம். நம் காய்ப்புழுவின் அமெரிக்கப் பங்காளியான சோளக்கதிர்ப் புழுவில் 1995இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். 57 அமினோ அமிலங்கள் கொண்டது. தன் வேலை முடிந்ததும் வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் போகும் ஆள் அந்த ஆண் பூச்சி.

இனி என் மூன்று மாவுக்கு வருகிறேன். சீனாவின் யாங்சோ பல்கலைக்கழகத்தில் புகையானை வைத்தே சோதனை செய்தார்கள். முடிவுகள் 2010, 2011இல் வெளியாயின. ஆண் புகையானைச் சாகடிக்காத அளவுக்கு டிரையசோபாஸ் மருந்துக்கு உட்படுத்தினார்கள். பிழைத்த ஆணின் துணைச் சுரப்பியில் புரதத்தின் அளவு குறையவில்லை, கூடியிருந்தது. அந்த ஆணோடு இணைந்த பெண் வழக்கத்தைவிட அதிகமாக முட்டையிட்டது. மருந்து ஆணுக்கு விஷமாக இறங்கி, பெண்ணிடம் டானிக்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வயலில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கதிர் வரும் பருவத்தில் பயிர் அடர்ந்து கிடக்கும். நாம் தெளிப்பானை மேலாகப் பிடித்து நடந்துகொண்டே போகிறோம். மருந்து இலையில் நிற்கிறது. பூச்சி இருப்பதோ தண்ணீருக்கு நான்கு விரல் மேலே. அங்கே போய்ச் சேருவது சாரல்தான். கொஞ்சம் சாகிறது, மீதி அரைகுறை மருந்தோடு பிழைக்கிறது. முட்டைக்கோ ஒன்றும் ஆகாது. இலை உறைக்குள் வரிசையாகச் செருகி வைத்திருக்கிறது பெண். ஆக, செத்தவை மிதப்பதைப் பார்த்து நான் நிம்மதியாகத் தூங்கிய இரவில், பிழைத்த ஆண்கள் யாங்சோவில் கண்டதைத்தான் என் வயலில் செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். என் புட்டிகளில் இருந்தது அதே மருந்துதானா என்றால், சீட்டை நான் பத்திரப்படுத்தவில்லை. அது என் தவறு.

டிரையசோபாஸ் 2020 கடைசியோடு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். சாகாத அளவு மருந்து பட்ட புகையான் கூடுதலாக முட்டையிடுவது ஒரே ஒரு மருந்தின் குணம் அன்று. டெல்டாமெத்ரின், மெத்தில் பாரத்தியான் போன்றவை புகையானை மறுபடி பெருகவைக்கின்றன என்று பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1980வாக்கிலேயே காட்டிவிட்டார்கள். ஆண் வழியாகவும் அது நடக்கும் என்பதுதான் பின்னாளில் சேர்ந்த செய்தி. டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளைப் புகையானுக்கு அடிக்காதீர்கள் என்று நம் வேளாண் பல்கலைக்கழகமும் பரிந்துரையில் எழுதித்தான் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பரிந்துரை மருந்துக்கடை மேசைவரை வந்து சேரவில்லை. இந்தோனேசியாவில் 1986இல் அதிபர் உத்தரவே போட்டு, நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடுத்தார்கள். புகையான் கொடுத்த அடி அப்படி.

புகையானின் ஆண் சுரப்பியிலிருந்தே, பெண்ணை மறுபடி இணைய விடாமல் தடுக்கும் பெப்டைடு (சிறு புரதம்) ஒன்றைச் சீன ஆய்வாளர்கள் அண்மையில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அதை வைத்து நாளைக்கே மருந்து வந்துவிடும் என்று யாரும் தலைப்புப் போட வேண்டாம். ஆய்வகத்துக்கும் வரப்புக்கும் இடையே நெடுந்தூரம்.

இப்போது நான் எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடக்க இடைவெளி, விட்டு நடுகிறேன். காற்றும் வெயிலும் தூருக்குள் இறங்குகின்றன. தேவைப்பட்டால் ஆளும் இறங்கலாம், தூரைப் பார்த்து அடிக்கலாம். மருந்தைத் தொடுவதற்கு முன் வயலில் ஆங்காங்கே குத்துகளைத் தட்டி எண்ணுகிறேன். என் கணக்கு இது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது குத்திலுள்ள ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி; குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. அதைத் தாண்டாதவரை கடைப்பக்கம் போவதில்லை. போன சம்பாவில் ஒருமுறைகூடத் தாண்டவில்லை. பக்கத்து வயல்காரர் என்னைக் கருமி என்கிறார்.

தங்களிடம் கேட்பது இதுதான். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள். புகையானுக்கு அடிக்கக் கூடாத மருந்துகளின் பெயர்களை, வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையைப் பார்த்து, கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். கார்த்திகைக்கு முன்னால் வந்தால் நல்லது. கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி,
மன்னார்குடி வட்டம்.