ராத்திரியானா படுத்துக்கற கேமரா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, வைஃபை வந்தாச்சு இனிமே ஆபீஸ்ல ஒயர் இழுக்கறது தண்டச்செலவுன்னு. நான் ரங்கூன்ல (யாங்கூன்னு பேர் மாத்தியாச்சு, எங்க வீட்ல இன்னும் ரங்கூன் தான்) 18 வருஷமா இந்த ஒயர வச்சு தான் சோறு தின்னுட்டு இருக்கேன். சீலிங்ல தட்டு மாதிரி தொங்குதே வைஃபை பொட்டி, அதுக்கு நெட்டும் கரண்டும் எதுல போகுதுன்னு நினைக்கிறாரு? ஒரே கேபிள்ல தான் ரெண்டும் போகுது, ஆபீஸ் கேமராவுக்கும் அப்படித்தான்.

ஆனா அவர் கடுப்புக்கும் நியாயம் இருக்கு, எங்க ஆளுங்க செய்ற வேலை அப்படி.

சூலே பகோடா பக்கத்துல ஒரு ஆபீஸ், வெள்ளைக்காரன் காலத்து பில்டிங், செவுரு தடிமனுக்கு ஒரு ரூம் வைஃபை அடுத்த ரூமுக்கு எட்டாது. அங்க கடைசில இருக்கற கேமரா பகல் பூரா நல்லா ஓடும், இருட்டுனா ஆஃப் ஆகும் ஆன் ஆகும் மறுபடி ஆஃப் ஆகும். மூணு கேமரா மாத்திட்டாங்க, ஒருத்தர் எலுமிச்சம்பழம் கூட கட்டச் சொன்னாராம். நான் போய் கேபிள் நுனிய கத்தியால சுரண்டுனேன், மேல செம்பு கலர், உள்ள வெள்ளை வெளேர்னு அலுமினியம். சிசிஏ, அதாவது செம்பு பூசுன அலுமினியம்னு சொல்வோம் இத. அலுமினியத்துல கரண்டுக்கு தடை செம்ப விட ஒன்றரை மடங்குக்கு மேல, ராத்திரி இருட்டுல பாக்கறதுக்கு கேமராவோட இன்ஃப்ராரெட் லைட் எரிஞ்சா கரண்ட் ஜாஸ்தி இழுக்கும், 80 மீட்டர் தள்ளி வோல்டேஜ் பத்தாம படுத்துடும், படுத்தா லைட் அணைஞ்சிடும்ல உடனே எழுந்துக்கும், எழுந்ததும் லைட் எரியும், திரும்ப படுக்கும், விடிய விடிய இதே கூத்து. கேபிள் வந்த பொட்டி மேல என்னமோ பெருசா கேட்6 னு (கேபிளோட தர வகை அது) தான் போட்டிருக்கு, ஸ்டாண்டர்ட் படி பாத்தா அந்த பேர் போடணும்னா உள்ள முழுக்க செம்பு இருக்கணும்.

அதே ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் மேஜை ரெண்டுலயும் நெட் வேகம் 100 எம்பிய தாண்டவே இல்ல. கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிக்கு, கேபிள்ல இருக்கற எட்டு ஒயரும் வேணும், 100க்கு நாலு போதும், அதனால ஒரே கேபிள ரெண்டா பிரிச்சு ரெண்டு மேஜைக்கு குடுத்துட்டு ரெண்டு கேபிளுக்கு பில் போட்டிருக்கான் புண்ணியவான். முதலாளி மேலயும் தப்பு இருக்கு, மூணு கொட்டேஷன் வாங்கி குறைஞ்ச விலைக்காரன் கைல சாவிய குடுத்துட்டு போயிடறாரு.

பாக்கி பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க ஐயா, எட்டு லைட்டு மின்னற சின்ன டெஸ்டர காட்டி ஏமாத்துவாங்க, அது ஒயர் முனைக்கு முனை ஒட்டியிருக்கான்னு மட்டும் தான் சொல்லும், தரத்த சொல்லாது. செவுத்துக்குள்ள ஓடறது 90 மீட்டர தாண்டக்கூடாது, ரெண்டு முனைல மாட்டற சின்ன ஒயருக்கு இன்னொரு 10, மொத்தம் 100, அவ்ளோதான் கணக்கு. ரெண்டு முனைலயும் ஒரே நம்பர் ஒட்டச் சொல்லுங்க, இல்லன்னா நாளைக்கு என்ன மாதிரி ஒருத்தன் வந்து ஒவ்வொண்ணா தேடறதுக்கே ஒரு நாள் கூலி தரணும்.

அந்த ஆபீஸ்ல எல்லாத்தையும் உருவிட்டு செம்பு கேபிள் இழுத்தோம். முதல்ல கழட்டி வீசுன கேமராவையே திரும்ப மாட்டினேன், நல்லா ஓடுது. புதுசா வாங்குன மூணும் அலமாரில தூங்குது.

இப்படிக்கு
ஒரு கேபிள்காரன், ரங்கூன்