மஞ்சளாவது எந்த இலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பகுதியில், "இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, யூரியா இடவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதை நம்பி திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைக்காரர் யூரியா மூட்டையைப் பிரித்தால் காசும் போகும், பூவும் குறையும்.

முதலில் பார்க்க வேண்டியது, மஞ்சளாவது எந்த இலை என்பதை. தழைச்சத்து (நைட்ரஜன்) செடிக்குள் இடம் மாறக்கூடியது. தட்டுப்பாடு வந்தால் அடி இலையின் புரதத்தை உடைத்துச் செடி கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் முதிர்ந்த இலைதான் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்து அப்படியில்லை. சேர்ந்த இலையிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். அது குறைந்தால் அடி இலை பச்சையாக நிற்க, கொழுந்து மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். பச்சையத்தின் மூலக்கூறில் இரும்பு கிடையாது (நடுவில் இருப்பது மக்னீசியம்). ஆனாலும் இரும்பில்லாமல் செடியால் பச்சையத்தை உருவாக்க முடியாது.

மல்லிகையில் அடிக்கடி காண்பது இந்த இரண்டாவது மஞ்சள்தான். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு கலந்த கரிசலில் கார அமில நிலை (pH) 8-ஐ நெருங்கினால் அது கரையாத வடிவத்துக்குப் போய்விடும். வேரால் எடுக்க முடியாது. உலர்ந்த மண்கட்டியில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த நிலத்தில் தண்ணீரும் தேங்கினால் கேட்கவே வேண்டாம்.

இதற்குத் தீர்வு, இரும்பை இலையில் தெளிப்பது. 10 லிட்டர் டேங்குக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 50 கிராம், ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு. சாற்றை முதலில் தண்ணீரில் விட்டு, பிறகு உப்பைக் கரைத்து உடனே தெளிக்க வேண்டும். போர் தண்ணீரில் வெறுமனே கரைத்து வைத்தால் துரு நிறமாகி அடியில் படிந்துவிடும், அதனால் பயனில்லை. வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கமும் நனைய அடிக்கவும். உச்சி வெயிலில் நீர் சீக்கிரம் காய்ந்து, உப்பு இலையைக் கருக்கும். கொழுந்து பச்சை கட்டும்வரை மாதம் ஒரு முறை போதும். இதே உப்பைச் சுண்ணாம்பு மண்ணில் கொட்டுவது வீண்.

பள்ளியில் செய்து காட்டவும் இது நல்ல சோதனை. மஞ்சளான கொழுந்திலையின் ஒரு பாதியில் மட்டும் கரைசலைப் பஞ்சால் தடவுங்கள். சில நாளில் அந்தப் பாதி பச்சை கட்டும். மறுபாதி அப்படியே நிற்கும்.

தெளித்தும் தேறாத செடியின் வேரைத் தோண்டிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு, வேரைத் தாக்கும் நுண்ணிய புழு. அதற்கு வைத்தியமே வேறு.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்