கிண்ணத்தை விட்டுப் பனியைத் தின்ற நாய்

வின்னிபெக், கனடா,
தை 8.

அன்புள்ள சங்கரலிங்கத்துக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டு வலி குறைந்து, மறுபடியும் நெல்லையப்பர் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வருகிறாள் என்று படித்தபோது மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. நான் நலமாக இருக்கிறேன். இரண்டு கால்சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வெளியே போகப் பழகிவிட்டேன் என்பதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அதனால், கடைசி வரியில் போகிற போக்கில் நீ கேட்டிருந்த கேள்விக்கே இந்தக் கடிதம் முழுவதையும் கொடுத்துவிடுகிறேன். “அங்கே தண்ணீரெல்லாம் கல்லாகிக் கிடக்குமே, உன் மகன் வீட்டு நாய் எதைக் குடிக்கும்?” என்று கேலியாகத்தான் எழுதியிருந்தாய். மார்கழி பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் அனைவரையும் வாட்டிய கேள்வி அதுதான் என்று உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நாயின் பெயர் மணி. பேரன் வேறு ஏதோ பெயர் வைத்திருந்தான். அது என் வாயில் நுழையாததால் நான் மணி என்று கூப்பிட, நாயும் அதற்கே திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. பாதி ஹஸ்கி என்னும் பனிநாட்டுச் சறுக்குவண்டி இனம், மீதிப் பாதி என்னவென்று யாருக்கும் தெரியாது. எடை 28 கிலோ. தண்ணீர் குடிப்பதில் அவன் செய்யும் கூத்துகளை எழுதினால் நீ நம்ப மாட்டாய். முதலில் முன்னங்காலைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு முறை கலக்குவான். குடித்து முடித்ததும் கடைசி வாய்த் தண்ணீரை விழுங்காமல் கூடம் வரை சுமந்துகொண்டு வந்து, யார் மடி கிடைக்கிறதோ அதில் தாடையை வைத்து ஒழுகவிடுவான். அடுக்களைக் குழாய் சொட்டினால், கிண்ணம் நிறைந்திருந்தாலும் அதை விட்டுவிட்டுச் சொட்டுக்குத்தான் வாயைக் காட்டுவான். உன் வீட்டுச் சிப்பிப்பாறை நாய், பானைத் தண்ணீரைத் தொடாமல் கிணற்றடித் துவைகல் பள்ளத்தில் தேங்கியதையே நக்கிக்கொண்டிருந்ததே, அதே சாதிப் பிடிவாதம்தான் இதுவும்.

நாய் நாக்கைக் கரண்டியாக்கித் தண்ணீரை அள்ளிக் குடிக்கிறது என்றே நானும் இத்தனை காலம் எண்ணியிருந்தேன். மணி குடிப்பதைப் பேரன் கைப்பேசியில் பிடித்து மிக மெதுவாக ஓட்டிக் காட்டியபோதுதான், நாக்கு முன்பக்கமாக மடியாமல் பின்பக்கமாக, மோவாயை நோக்கிச் சுருள்வதைப் பார்த்தேன். அப்படி அள்ளிய தண்ணீரில் பெரும்பகுதி கீழேயே சிந்திவிடுகிறது. உள்ளே போவது வேறு தண்ணீர். நாக்கு வேகமாக மேலே இழுபடும்போது அதன் பரப்போடு ஒட்டிக்கொண்டு ஒரு நீர்த்தூண் எழும்புகிறது. அது அறுந்து விழுவதற்குள் நாய் வாயை மூடி அதைக் கடித்துக்கொள்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிராம்ப்டன் என்பவர் எக்ஸ்ரே படம் எடுத்து இதை 2011இல் விளக்கியிருக்கிறார். 2015இல் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 19 நாய்களைப் படம்பிடித்து, தூண் அறுபடும் தறுவாயில்தான் வாய் மூடுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். வாய் காதுவரை கிழிந்திருப்பதால் கன்னம் அடைத்து மூடாது. ஆகவே மாட்டைப்போல உறிஞ்சிக் குடிக்க நாய்க்கு வழியில்லை. இவ்வளவு நுட்பமாகக் குடிக்கும் பிராணி பாதித் தண்ணீரைத் தரையில் கொட்டுகிறதே என்று மருமகள் கேட்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மார்கழி தொடக்கத்தில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகையை எட்டியதும், மணி கிண்ணத்தின் பக்கம் போவதையே நிறுத்திவிட்டான். காலையில் நிரப்பிய தண்ணீர் மாலையில் அப்படியே இருந்தது. வெளியே அழைத்துப் போனாலோ, வேலிமேல் படிந்திருக்கும் புதுப் பனியை அள்ளி அள்ளித் தின்றான். நம் ஊர் மார்கழிப் பனியை நினைத்துக்கொள்ளாதே; அது புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. இது இடித்த பச்சரிசி மாவு. காலில் மிதித்தால் நறநறக்கும். குளிர்காலத்தில் நாய் பனி தின்பது வழக்கம்தான் என்று மகன் சொன்னான். அண்டை வீட்டுக்காரரும் அதையே சொன்னார். நானும் சரியென்று விட்டுவிட்டேன்.

ஆனால் முப்பது ஆண்டுகள் இயற்பியல் வாத்தியாராக உள்ளுறை வெப்பத்தை, அதாவது பனி உருகுவதற்கே செலவாகும் வெப்பத்தை, கரும்பலகையில் எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு நாள் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். நாய்க்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லி லிட்டர் வரை ஒரு நாளைக்குத் தண்ணீர் வேண்டும். உலர்ந்த தீனி மட்டும் தின்னும் மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள். புதுப் பனி பத்துப் பங்கு உருகினால் ஒரு பங்கு தண்ணீர். எனவே அவன் 15 லிட்டர் பனியை, அதாவது ஒரு வாளி நிறையத் தின்றாக வேண்டும். இது ஒருபுறமிருக்க, −20 பாகையில் உள்ள ஒரு கிராம் பனியைச் சூடாக்க 10 கலோரி, உருக்க 80 கலோரி, உருகியதை நாயின் உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர இன்னும் 38 கலோரி. ஒன்றரை லிட்டருக்கு மொத்தம் 190 கிலோ கலோரிக்கு மேல் ஆகிறது. அவன் ஒரு நாள் தின்பதே 1300 கிலோ கலோரி அளவுதான். அதில் ஏழில் ஒரு பங்கு பனியை உருக்குவதற்கே போய்விடும். குழாய்த் தண்ணீர் என்றால் இதில் கால் பங்குகூட ஆகாது. அவன் தின்றதோ வாளி அல்ல, பத்துப் பதினைந்து வாய். தாகம் அதனால் தீர்ந்திருக்க முடியாது என்று காகிதம் சொன்னது.

சறுக்குவண்டி நாய்களின் கதை வேறு. அலாஸ்காவில் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் ஓடும் இடிடராட் பந்தயம் 1973 முதல் நடந்து வருகிறது. அந்த நாய்கள் ஓட்டத்தை நிறுத்தாமலே தலையைச் சாய்த்துப் பாதையோரப் பனியை ஒரு வாய் கவ்விக்கொள்ளும். வண்டி ஓட்டுபவர்கள் இதை ‘டிப்’ என்கிறார்கள். ஓடுகிற நாயின் உடம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. நான் நஷ்டமென்று கணக்கெழுதிய அந்த 80 கலோரிதான் அதற்கு லாபம். வெப்பத்தைக் கழிக்கவே அது பனியைத் தேடுகிறது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கிலோ கலோரி தின்னும் பிராணிக்கு அந்தச் செலவு ஒரு பொருட்டும் அல்ல. அப்படியிருந்தும் ஓட்டுநர்கள் பனியை மட்டும் நம்புவதில்லை. தங்கும் இடத்தில் பனியை உருக்கி, இறைச்சியோ மீனோ போட்டு, அந்த வெதுவெதுப்பான சாற்றைத்தான் குடிக்கக் கொடுக்கிறார்கள். நாள் முழுவதும் சோபாவில் படுத்து, என் காலைத் தலையணையாக்கிக்கொள்ளும் மணிக்கு எந்த வெப்பத்தைக் கழிக்க வேண்டியிருக்கிறது?

தெருப் பனி நல்லதும் அல்ல. நடைபாதையில் உப்பும் வேறு இரசாயனங்களும் தூவுகிறார்கள். கார் நிறுத்துமிடத்தில் சிந்தும் உறைதடுப்புத் திரவத்தில் எதிலீன் கிளைக்கால் இருக்கிறது. அது இனிப்பாக இருப்பதால் நாய் விரும்பி நக்கும், சிறிதளவு போனாலே சிறுநீரகம் கெட்டுவிடும். வேதியியல் வாத்தியாரான உனக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. கால்நடை மருத்துவர், மணியின் ஈறு ஈரமாக இருக்கிறதா, விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா என்று பார்க்கச் சொன்னார். நிறம் திரும்பியது, ஆனால் ஈறு பிசுபிசுத்தது. அன்றிலிருந்து மருமகள் தீனியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அதை மட்டும் அவன் தட்டாமல் தின்றான்.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குத் தாகமெடுத்து, விளக்கைப் போடாமல் அடுக்களைக்குப் போனேன். மணியும் படுக்கையை விட்டு எழுந்து, கூடத்துக் கம்பளத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து என் பின்னால் வந்தான். கிண்ணத்தின் முன் நெடுநேரம் நின்றான். பிறகு கழுத்தை நீட்டி மூக்கைக் கொண்டுபோனான். ‘டிக்’ என்று ஒரு சத்தம். மூக்குக்கும் கிண்ணத்து விளிம்புக்கும் இடையே நீல நிறத்தில் ஒரு பொறி. அவன் கீச்சென்று கத்திப் பின்வாங்கி, பாம்பைப் பார்ப்பதுபோல் கிண்ணத்தைப் பார்த்தான்.

நீ சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. எபோனைட் தண்டைக் கம்பளியில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை ஒட்டவைத்துக் காட்டியே பிழைத்தவன், வீட்டுக்குள் நிலைமின்சாரம் நடமாடுவதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. எவர்சில்வர் கிண்ணம் ஓர் இரும்புத் தாங்கியில் இருந்தது. தாங்கியின் கால், சூடான காற்று வரும் தரைத் துவாரத்தின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளியே −25 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று அரை கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் 21 பாகைக்குச் சூடானால் 18 கிராம் தாங்கும். இடையில் சேரும் நீர் கொஞ்சம்தான். அன்று ஈரப்பதமானி காட்டியது 16 விழுக்காடு. அத்தனை வறண்ட காற்றில், செயற்கை இழைப் போர்வையில் படுத்துப் புரண்டு கம்பளத்தில் நடந்து வருகிற நாய், தானே மின்னேறிய ஒரு தண்டாகிவிடுகிறது; மூக்கு கிண்ணத்தை நெருங்கியதும் அது பொறியாகப் பாய்கிறது. எனக்கும் கதவுக் கைப்பிடியில் தினமும் சுருக்கென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. குளிர் நாட்டில் அப்படித்தான் போலும் என்று கையை உதறிக்கொண்டு போய்விட்டேன். மணியால் அப்படி உதறிவிட்டுப் போக முடியவில்லை.

மறுநாளே பீங்கான் கிண்ணம் ஒன்று வாங்கி, காற்றுத் துவாரத்துக்கு எட்டாத மூலையில் வைத்தோம். நான் கொண்டுவந்த பருத்தி வேட்டிகளில் ஒன்று அவனுடைய விரிப்பாகிவிட்டது; பொங்கலுக்குக் கட்ட வைத்திருந்த வேட்டி அது. ஈரப்பதமூட்டி இரவெல்லாம் ஓடுகிறது. முதல் இரண்டு நாளும் அவன் தூரத்தில் நின்று கிண்ணத்தைச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள் முன்னங்காலை விட்டு ஒரு முறை கலக்கிப் பார்த்து, ஒன்றும் நேரவில்லை என்று தெரிந்ததும் சளப் சளப்பென்று முழுவதையும் குடித்துத் தீர்த்து, கடைசி வாயை என் மடியில் கொண்டுவந்து ஊற்றினான். இப்போது நானே தினமும் அளந்து ஊற்றுகிறேன்; ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகிறது.

ஆனால் இன்று காலையும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தவன், நேரே வேலிக்குப் போய்ப் புதுப் பனியைத் தின்றான். பேரனும் அவன் பக்கத்தில் நின்று ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். தாத்தாவும் தின்ன வேண்டும் என்றான். தின்றேன், ஒரு ருசியும் இல்லை, பல் மட்டும் கூசியது. சித்திரையில் ஊர் திரும்புகிறேன். அதற்குள் உன் சிப்பிப்பாறை இந்தக் கோடைக்கு எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று பார்த்து எழுது. தங்கச்சியிடம் என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்,
கணபதி