நுளம்பு விரட்டிக்கு ஒரு பிஸ்கற் தகரம்

யாழ்ப்பாணத்துச் சாரண ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மாரி தொடங்கினால் நுளம்பும் தொடங்கிவிடும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. ஆகவே பாசறைக்கு வரும் பிள்ளைகளிடம் நுளம்பு விரட்டி கொண்டுவரச் சொல்வது சரிதான். அதை எப்படிக் கொண்டுவருவது, எங்கே வைப்பது என்று நீங்கள் தரும் பாசறைப் பொருட்பட்டியலில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் குறை.

காரைநகர்க் கடற்கரையில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்த என் மகனின் பையைத் திறந்தேன். நுளம்பு விரட்டிப் போத்தலின் மூடி இளகி எல்லாம் ஒழுகியிருந்தது. ரோச் லைற்றின் பிளாஸ்ரிக் முகப்பு பால் ஊற்றியதுபோல மங்கிவிட்டது. கைக்கடிகாரத்தில் அவனுடைய விரல் அடையாளம் அப்படியே பதிந்திருந்தது. மழைக்கோட்டை விரித்தால் மடிப்புகள் ஒட்டிக்கொண்டு வந்தன. "தண்ணி பட்டிருக்கும்" என்றா அம்மா. தண்ணீர் இந்த வேலை செய்யாது.

போத்தலில் இருந்தது டீட். 1946இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கிய மருந்து. நுளம்பை நன்றாக விரட்டும், பிளாஸ்ரிக்கையும் கரைக்கும். பருத்தி, கம்பளி, நைலோன் தாங்கும். ரேயோன், ஸ்பான்டெக்ஸ், மூக்குக்கண்ணாடிச் சட்டம் தாங்காது. கூடாரத் துணி நைலோன் என்றாலும் அதன் மேற்பூச்சை நான் நம்பமாட்டேன். பிகாரிடின் சேர்ந்த விரட்டி பிளாஸ்ரிக்கை ஒன்றும் செய்யாது. கிடைத்தால் அதையே சொல்லுங்கள்.

ஸ்பிரே தகரம் வேறு கதை. அதற்குள் இருப்பது எளிதில் தீப்பற்றும் வாயு. 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகக் கூடாது. சித்திரை வெயிலில் பூட்டிய வானுக்குள் அந்தச் சூடு வர அதிக நேரம் எடுக்காது. அடுப்படியில் நின்று அடிப்பதும், கூடாரத்துக்குள் அடித்துவிட்டு சிப்பை இழுத்து மூடுவதும் நாங்கள் சாரணராக இருந்த காலத்திலேயே நடந்தவைதான்!

சரி, என்ன செய்யலாம்? ஒரு பழைய பிஸ்கற் தகரம் போதும். எல்லாப் போத்தலையும் மூடி இறுக்கி, பொலித்தீன் பையில் சுற்றி, அதில் நிமிர்த்தி வையுங்கள். நிழலில், அடுப்புக்கும் சாப்பாட்டுக்கும் எட்டத்தில். பொறுப்பு ஒரு ஆசிரியரிடம் இருக்கட்டும். சின்னவர்களுக்குப் பெரியவர்களே பூசிவிட வேண்டும், உள்ளங்கையில் பூசாமல். கண்ணைக் கசக்குவதும் விரலை வாயில் வைப்பதும் அந்தக் கையால்தானே. பெரிய பிள்ளைகள் பூசிய பிறகு கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது.

வீட்டில் இரண்டு தகரம் கிடக்கிறது. அடுத்த பாசறைக்கு மகனிடம் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய சாரணன்