பீடிச் சுளகு பக்கத்தில் ஒரு சிலேட்டு

அம்பாசமுத்திரம்,
ஆனி 22

அன்புள்ள இசக்கிமுத்து,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாக்குடி பக்கம் முதியோர் எழுத்தறிவு மையங்களை நடத்தும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது, ஆடி பிறந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். இங்கே கார் நெல் நடவு முடியப்போகிறது, வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவில்லை, வீட்டில் எல்லாரும் சுகம். இனி உன் விஷயம்.

ஆடியில் திறக்காதே. ஊருக்கு ஊர் கோயில் கொடைத் திருவிழா வரும். அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கப் பாதித் தெரு கிளம்பிவிடும். திறந்த பத்தாம் நாளே பூட்டிக் கிடந்த மையத்துக்கு மறுபடி ஆள் சேர்ப்பது பெரிய பாடு. ஆவணி முதல் தேதி வைத்துக்கொள். 200 மணி நேரப் பாடம், நாளுக்கு ஒன்றரை மணி, வாரத்துக்கு 5 நாள் என்றால் 27 வாரம் ஆகும். தீபாவளி, ஐப்பசி மழை, பிசான நெல் நடவு, பொங்கல் எல்லாம் சேர்ந்து 3 வாரத்தைத் தின்றுவிடும். பங்குனி பிறக்கும்போது பாடம் முடியும். உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போவதற்குள் தேர்வையும் வைத்துவிடலாம்.

அச்சடித்து வரும் சுற்றறிக்கையில் மாலை 6 மணி என்று இருக்கும். முக்கூடல் பக்கத்துப் பெண்களுக்கு அந்த நேரம் ஆகாது. ஆயிரம் பீடி கணக்குத் தீராமல் யாரும் எழுந்து வரமாட்டார்கள். கடைக்குப் பீடி கொடுக்கப் போகிற நேரமும் இலை நனைக்கிற நேரமும் ஊருக்கு ஊர் வேறு. ஒரு வாரம் தெருவில் நடந்து, எந்த வளவில், அதாவது எந்த வீட்டு வரிசையில், எத்தனை பேர் எப்போது சேர்ந்து உட்கார்ந்து சுற்றுகிறார்கள் என்று குறித்துக்கொள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அநேகமாக ஏதாவது ஒரு வீட்டு முன்கட்டுத் தார்சாவில், மடியில் முறம் மாதிரிச் சுளகை வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். வகுப்பை அங்கேயே வை. முதல் முக்கால் மணி நேரம் கை பீடியில் இருக்கட்டும், காதுக்கும் வாய்க்கும் மட்டும் பாடம்: அட்டையைக் காட்டிச் சொல்ல வைப்பது, மனக்கணக்கு. அடுத்த முக்கால் மணி நேரம் சிலேட்டு. நடுவில் ஈரத்துணி ஒன்று சுற்றி வரவேண்டும். புகையிலைத் தூள் படிந்த விரலால் புரட்டினால் புத்தகம் ஒரே மாதத்தில் பழுத்த இலை மாதிரி ஆகிவிடும்.

சமுதாயக் கூடம் சும்மாதானே கிடக்கிறது என்று பார்க்காதே. அது எந்தத் தெருவுக்காரர்கள் கட்டியது என்பது ஊருக்கே தெரியும், அடுத்த தெருப் பெண் அந்தப் படி ஏறமாட்டாள். பொது இடம் வேண்டுமென்றால் அங்கன்வாடியோ பள்ளிக்கூடமோதான். விளக்கு வேண்டுமானால் ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்பே மனு எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்று. கூட்டத்தில் எழுந்து வாயால் சொல்வது காற்றோடு போகும்.

இனி முக்கியமானது, வெள்ளெழுத்து, அதாவது வயதாக ஆகக் கிட்டத்து எழுத்து மங்குவது. நாற்பது தாண்டிய பெண் இரண்டாவது வாரம் நின்றுவிட்டால், "மண்டையில ஏறல" என்று அவளே சொல்வாள். நம் ஆட்களும் அதையே எழுதிவிடுவார்கள். உண்மையில் ஏறாதது கண்ணில். பீடியைக் கை தடவியே சுற்றிவிடும், எழுத்துக்குக் கண் தேவை. சேர்க்கும் அன்றே ஒரு ஊசியையும் நூலையும் கொடுத்துப் பார். கையை நீட்டி, தலையைப் பின்னால் இழுத்துக் கோக்கிறவர்கள் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வை. பாடம் தொடங்குமுன் அவர்களுக்குக் கண் முகாம் ஏற்பாடு செய். பெரும்பாலும் +1.50 முதல் +2.50 வரை உள்ள படிக்கிற கண்ணாடியே போதும். கண்ணில் புரை இருந்தால் முகாமிலேயே தெரிந்துவிடும். கண்ணாடி இல்லாமல் புத்தகம் கொடுப்பது வீண் செலவு.

கையெழுத்துக்காகத்தான் வருவார்கள், அது வந்ததும் போய்விடுவார்கள். அதனால் கையெழுத்தையே பாடமாக்கு. இசக்கியம்மாள், பேச்சியம்மாள், மாரியம்மாள் மூன்று பேருக்கும் கடைசி நாலு எழுத்து ஒன்றுதான்: ய, ம், மா, ள். ஒருத்தி பெயரை மற்றவள் படிக்க ஆரம்பித்தால், அந்தப் பெயர்களின் எழுத்துகளைப் பிரித்து மாமா, மாசி, சரி என்று வளர்க்கலாம். கணக்குக்குப் பீடிக்கடைப் பாஸ்புத்தகத்தை விட நல்ல புத்தகம் கிடையாது. 25 பீடி ஒரு கட்டு என்றால் ஆயிரத்துக்கு எத்தனை கட்டு, சரியில்லை என்று தள்ளி வெட்டில் கழித்தது எவ்வளவு, மீதிக்குக் கூலி எவ்வளவு? இதற்கு யாரும் கொட்டாவி விடமாட்டார்கள்.

தன்னார்வலராகக் கல்லூரிப் பெண்ணை எடுக்காதே. தேர்வு வரும், கல்யாணம் வரும். பன்னிரண்டாவது படித்துவிட்டு அந்தத் தெருவுக்கே வாக்கப்பட்டு வந்த மருமகள் நிலைப்பாள். மையத்துக்கு இரண்டு பேராகப் பிடி. இந்தத் திட்டத்தில் சம்பளம் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடு. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது எல்லாருக்கும் நினைவிருக்கும், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பதிவேட்டில் தினமும் 20க்கு 20 என்று இருக்கிற மையத்தை முதலில் போய்ப் பார். 12, 14, 9 என்று ஏறி இறங்குகிற மையம் நடக்கிறது என்று நம்பலாம்.

ஊசி நூல் கணக்கு எடுத்ததும் எத்தனை கண்ணாடி என்று எழுது. இங்கேயும் வாங்க வேண்டியிருக்கிறது, சேர்த்து வாங்கினால் விலை குறையும்.

உன்,
சுடலைமுத்து