டிமார்க் பாக்ஸ் ரீடிங்க கஸ்டமருக்கும் காட்டுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

லீஸ்டு லைன் (ஆபீஸுக்குன்னே தனியா வாடகைக்கு எடுக்குற நெட் லைன்) எடுத்த எந்த ஆபீஸ்லயும் நெட் ஸ்லோவான உடனே ஒரு பஞ்சாயத்து ஆரம்பிக்கும். ப்ரொவைடர கூப்பிட்டா "எங்க சைடு எல்லாம் ஓகே சார், உங்க லேன்ல பாருங்க"ம்பாங்க, நம்ம ஐடி ஆளு "ஃபயர்வால், சுவிட்ச் எல்லாம் பாத்தாச்சு, லைன்தான் பிரச்சனை"ன்னு ஒத்தக்கால்ல நிப்பாரு, பொழுது போயிடும். யார் சொல்றது சரின்னு காட்டுறதுக்குன்னே ஒரு பெட்டி அங்கயே ராக்ல இருக்கு, அதோட ரீடிங்க யாரும் நம்மகிட்ட காட்டுறதில்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

கேரியர் ஈத்தர்நெட்ல, அதாவது ப்ரொவைடர் ஈத்தர்நெட்டாவே குடுக்குற லைன்ல, அவங்க ஃபைபர் நம்ம இடத்துல வந்து முடியுற எடத்துல வைக்கிற பாக்ஸ் அது, என்ஐடின்னும் சொல்லுவாங்க, டிமார்க்னும் சொல்லுவாங்க. அதோட கஸ்டமர் போர்ட் வரைக்கும் அவங்க பொறுப்பு, அதுக்கப்புறம் நம்ம பொறுப்பு. பாக்க மீடியா கன்வர்ட்டர் மாதிரிதான் இருக்கும், ஆனா ஒய்.1731ங்கிற ஸ்டாண்டர்ட வச்சு டிலே, ஜிட்டர் (டிலே ஏறி எறங்குறது), ஃப்ரேம் லாஸ் (வழியில தொலையுற டேட்டா துண்டு) எல்லாத்தையும் நம்ம டிராஃபிக் ஓடிட்டிருக்கும்போதே அளக்கும், லூப்பேக் போட்டா, அதாவது வந்த டேட்டாவ அப்படியே திருப்பி அனுப்ப வச்சா, ஆள் வராமலே டெஸ்ட் பண்ணிக்கலாம். கரண்ட் போனா கெபாசிட்டர்ல மிச்சம் இருக்குற சார்ஜ வச்சு "எனக்கு பவர் போச்சு"ன்னு ஒரு மெசேஜ தட்டி விட்டுட்டுதான் அணையும், டையிங் காஸ்ப்னு பேரு, 2004ல வந்த 802.3ஏஹெச் ஈத்தர்நெட் ஸ்டாண்டர்ட்லயே இது இருக்கு. அந்த மெசேஜ் வரலன்னா ப்ரொவைடரோட கண்காணிப்பு ரூம், அதான் என்ஓசில உக்காந்திருக்கிறவருக்கு ஃபைபர் கட்டா பவர் கட்டான்னே தெரியாது, ஃபைபர் ஒட்டுற ஸ்ப்ளைசிங் டீம் வண்டி எடுத்துட்டு கிளம்பி வந்து பாத்தா யாரோ போன் சார்ஜ் போட பிளக்க உருவியிருப்பாங்க (சிரிக்காதீங்க, நெஜமாவே நடக்கும்).

அடுத்து அந்த "100 எம்பி லைன், 60க்கு மேல ஏறவே மாட்டேங்குது" புலம்பல். நெறைய நேரம் லைன் நல்லாத்தான் இருக்கும், அந்த பாக்ஸ்லயோ அடுத்த சுவிட்ச்லயோ இருக்குற பாலிசர்ல (வேகம் எல்லைய தாண்டாம தடுக்குறது) சிபிஎஸ், அதாவது ஒரே மூச்சுல எவ்வளவு டேட்டா வந்தா தாங்கணும்ங்கிற அளவு, ரொம்ப சின்னதா வச்சிருப்பாங்க. நம்ம போர்ட் 1 ஜிபி, டேட்டாவ அனுப்புற டிசிபி மொத்தமா கொட்டும், அளவ தாண்டுன ஃப்ரேம பாலிசர் தூக்கிப் போட்டுரும், உடனே டிசிபி வேகத்த கொறைச்சுக்கும், திரும்ப ஏறும், திரும்ப அடி வாங்கும். அஞ்சு நிமிஷ ஆவரேஜ் கிராஃப்ல பாத்தா 60னுதான் காட்டும், "நீங்க முழுசா யூஸ் பண்ணவே இல்லயே சார்"னு பதில் வரும். டிமார்க்ல டிராப் கவுண்டர பாத்தா ரெண்டே நிமிஷத்துல விஷயம் முடிஞ்சிரும், சிபிஎஸ்ஸ ஏத்தலாம் இல்ல நம்ம ரவுட்டர்ல ஷேப்பிங் (மொத்தமா கொட்டாம சீரா அனுப்புறது) போட்டுக்கலாம்.

லைன் ஹேண்ட்ஓவர் பண்றப்போ குடுக்குற டெஸ்ட் ரிப்போர்ட்டும் பல எடத்துல இன்னும் ஆர்எஃப்சி 2544ங்கிற டெஸ்ட் முறைதான். அது 1999ல லேப்ல ஒரு டிவைஸ டெஸ்ட் பண்ண எழுதுனது, ஓடுற நெட்வொர்க்ல அத ஓட்டாதீங்கன்னு 2012ல ஆர்எஃப்சி 6815னு தனியாவே ஒண்ணு போட்டாங்க. சர்வீஸ டெஸ்ட் பண்றதுக்குன்னே ஒய்.1564னு ஒரு ஸ்டாண்டர்ட் 2011லயே வந்தாச்சு, சிஐஆர் (தர்றதா ஒத்துக்கிட்ட வேகம்), பாலிசிங், டிலே, லாஸ் எல்லாத்தையும் சேத்தே பாக்கும்.

எஸ்எல்ஏல, அதாவது லைன் இவ்வளவு நேரம் ஓடும்னு ப்ரொவைடர் எழுதிக் குடுக்குற உறுதில, 99.9 சதவீதம்னு போட்டா வருஷத்துக்கு எட்டே முக்கா மணி நேரம் லைன் படுத்தாலும் கணக்கு சரி. அதக்கூட அவங்க மெயின் நெட்வொர்க், அதான் கோர்ல இருந்து பிங் அடிச்சு அவங்களே மார்க் போட்டுக்கிறாங்க. செக்யூரிட்டி காரணம்னு சொல்லி பாக்ஸ் லாகின் தர மறுக்குறாங்க, கான்ஃபிக மாத்த விடுங்கன்னு யாரும் கேக்கல, ரீட் ஒன்லி போதும், இல்லன்னா ஒரு போர்ட்டல்ல காட்டட்டும். ரெனியூவல் பேசப்போற கஸ்டமர்ங்க, டிமார்க்ல இருந்து டிமார்க் வரைக்கும் அளந்த கணக்குதான் எஸ்எல்ஏக்கு செல்லும்னு அக்ரிமெண்ட்ல ஒரு வரி போட்டுட்டு கையெழுத்து போடுங்க.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் அட்மின்