மிருதங்கத்துக்கு எதற்கு இரண்டு மைக்? சபா செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை சபாக்களின் மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கு,

வணக்கம். இருபது வருடங்களுக்கு மேலாக மார்கழிக் கச்சேரிகளுக்கு வந்துகொண்டிருக்கும் ரசிகை நான். போன சீசனில் ஒரு மாலை, ராக ஆலாபனை நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். பாடியவர் எனக்கு மிகவும் பிடித்தவர், அவர்மேல் குறையே இல்லை. ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தத்தில் காது வலித்தது. வயலின் தகரத்தைக் கீறுவது போல இருந்தது, மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், நெஞ்சில் இடித்தது. மேடையில் தம்பூரா மீட்டுகிறவரைக் கண்ணால் பார்க்க முடிந்ததே தவிர, காதில் ஒன்றும் விழவில்லை. வீட்டுக்கு வந்து அதே பாடகரின் பழைய ஒலிப்பதிவை ஹெட்போனில் கேட்டேன். தம்பூராவின் நான்கு தந்திகளும் தனித்தனியாகக் கேட்டன.

இப்படி இருந்தால் சபாவுக்கு எதற்கு வர வேண்டும் என்று அன்று இரவு யோசித்தேன். வரத்தான் வேண்டும் என்றே இப்போதும் நினைக்கிறேன். 2020 டிசம்பரில் கொரோனாவால் கச்சேரிகள் இணையத்துக்குப் போனபோது பணம் கட்டி வீட்டிலிருந்தே நிறையக் கேட்டேன். ஒலி நன்றாகவே இருந்தது. ஆனால் பாடகர் ஒரு கடினமான சங்கதியை, அதாவது பாட்டின் ஒரு வரியை இசையில் மாற்றிப் பாடும் விதத்தை, முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது எதிரே ஆளே இல்லை. அரங்கில் முன்வரிசையிலிருந்து ஒரு ‘ஆஹா’ வந்திருந்தால் அதே சங்கதியை இன்னொரு தரம் வேறு மாதிரிப் பாடியிருப்பார். ஒரே வரியைக் கற்பனையில் விதவிதமாகப் பாடும் நிரவலில் அப்படிக் கிடைக்கும் ஒரு கூடுதல் தாளச் சுற்றுக்காக, ஒரு ஆவர்த்தனத்துக்காகத்தான் நான் கிண்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறேன்.

மைக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வருவதற்கு முன் கடைசி வரிசை வரை எட்ட அந்தக் கால நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவைப் போல உச்ச ஸ்ருதியில் பாட வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகு மெல்லிய குரல்களுக்கும் மேடை கிடைத்தது. ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் அது வேண்டும், சரி. முந்நூறு பேர் உட்காரும் ஹாலில் மிருதங்கத்துக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு மைக் எதற்கு? பலா மரத்தைக் குடைந்து, தோலை வாரால் இழுத்துக் கட்டிய வாத்தியம் அது, தானாகவே ஹாலை நிறைக்கும். தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பி, தட்டித் தட்டிப் பார்த்து நாதத்தை அந்தக் கலைஞரே பதம் பார்க்கிறார். அதன்மேல் கனத்த கீழொலியான பாஸைக் கூட்டிவிட்டால் அவர் வாசிக்கும் நுணுக்கமான தாளச் சொற்கள் எல்லாம் ஒரே ‘கும்’ ஆகிவிடுகின்றன.

மேடையில் நடப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பாடகர் தனக்குக் கேட்பதற்காக மேடையில் வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை ஏற்றச் சொல்வார். அப்புறம் தன் வில் தனக்கே கேட்கவில்லை என்று வயலின்காரர் கை காட்டுவார், அடுத்தது மிருதங்கம். குறைக்கச் சொல்லி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் மைக் இல்லாமல் வீணை கேட்டேன். நாற்பது பேர் இருந்திருப்போம். முதல் பத்து நிமிடம் சத்தம் போதவில்லை என்றே தோன்றியது. ஃபேனை நிறுத்தினார்கள். அப்புறம் காது பழகிக்கொண்டது. ஒரே மீட்டில், தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தொட்டுத் திரும்பினார். நாதம் தேய்ந்து தேய்ந்து அடங்கும் வரை கூடத்தில் ஒருவர்கூட அசையவில்லை. வாத்தியத்தின் மேலேயே ஒட்டும் காண்டாக்ட் மைக்கைச் சத்தமாக வைத்த வீணையில் எனக்கு இந்தத் தேய்தல் கிடைத்ததே இல்லை. எல்லா ஸ்வரமும் ஒரே பருமனில் வந்து விழுகிறது. ஒலிப்பதிவிலும் அந்தக் கூடத்தில் கேட்டது போல நான் கேட்டதில்லை.

அதனால் கேட்கிறேன். வரும் மார்கழியில் உங்கள் சிறிய ஹாலில் ஒரு வீணைக் கச்சேரியையாவது மைக் இல்லாமல் வையுங்கள். நாற்காலிகளைக் கலைஞருக்குப் பக்கத்தில் போடுங்கள், அந்த இரண்டு மணி நேரம் கேன்டீன் பக்கத்துக் கதவைச் சாத்திவையுங்கள். மற்றக் கச்சேரிகளில், மேடையில் யார் எவ்வளவு ஏற்றச் சொன்னாலும், பின்வரிசையில் ஒரு தொண்டரை உட்கார வைத்து, தம்பூரா கேட்கிறதா என்று கேளுங்கள். அவருக்குக் கேட்கவில்லை என்றால் மற்றவற்றைக் குறையுங்கள்.

தொண்டர் கிடைக்கவில்லை என்றால் அந்த நாற்காலியில் நானே வந்து உட்காருகிறேன், சீசன் முடியும் வரை.

அன்புடன்,
உங்கள் ரசிகை